கூடுவிட்டுக் கூடு பாய்ந்தவன்

கணினிக் காவலின் கதை – 14

2007 ஆவணி. திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் ஒரு டி.டி.பி. சென்டரில் அப்போது வேலை பார்த்தேன். மூன்று கணினி, ஒரு லேசர் பிரின்டர், அடுத்த அறையில் ஒரு மினி ஆஃப்செட். முகூர்த்த மாதம் என்பதால் கல்யாணப் பத்திரிகையும் காதணி விழா அழைப்பிதழும் குவிந்து கிடந்தன. வருகிற வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் சட்டைப்பையில் ஒரு பென் டிரைவ் வைத்திருப்பார். தாய்மாமன் போட்டோ அதில்தான் இருக்கும்.

ஒரு நாள் காலை நடுக் கணினி சுணங்கிப்போனது. பேஜ்மேக்கர் திறப்பதற்குள் டீ வாங்கப் போன பையன் திரும்பி வந்துவிட்டான். பென் டிரைவைத் திறந்தால் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர். அதே மஞ்சள் படம்தான். ஆனால் அதன் பக்கத்தில் சில நூறு கிலோபைட் என்று அளவு காட்டியது. ஃபோல்டர்களுக்கு எதிரே அந்தக் கட்டம் எப்போதும் காலியாகத்தான் இருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறக்கப் போனேன். நிர்வாகி இதை முடக்கி வைத்திருக்கிறார் என்று ஒரு பெட்டி வந்து நின்றது. அந்த மூன்று கணினிக்கும் நிர்வாகி நான்தான். ஆன்டிவைரஸை ஓடவிட்டேன். அரை மணி நேரம் தேடிவிட்டு எல்லாம் சுத்தம் என்றது.

அடுத்த அறையில் ஆஃப்செட் ஓடிக்கொண்டிருந்தது. மிஷின்மேன் அண்ணன் மிஷினுக்கு முதுகைக் காட்டியபடி நின்று என்னோடு பேசிக்கொண்டிருந்தார். சட்டென்று பேச்சை நிறுத்தி, திரும்பி, ஸ்விட்சை அணைத்தார்.

“என்னண்ணே?”

“ரெண்டு தாள் சேந்து போகுது தம்பி.”

குனிந்து பார்த்தேன். கிரிப்பருக்குள் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு நின்றன.

“பாக்காமலே எப்படிண்ணே தெரிஞ்சுச்சு?”

“நல்லா ஓடுற சத்தம் தெரியும்ல. இது அந்தச் சத்தம் இல்ல.”

மிஷினில் எத்தனை விதமான கோளாறு வரும் என்ற பட்டியல் அவரிடம் கிடையாது. நல்ல சத்தம் ஒன்று மட்டும் அவர் காதில் இருந்தது. கணினிக் காவலில் கடந்த நாற்பது ஆண்டுகளாக அறிஞர்கள் தேடி அலைந்தது அந்தக் காதைத்தான். இந்த அத்தியாயம் அந்தத் தேடலைப் பற்றியது.

நடுக் கணினியின் கதையை முடித்துவிடுகிறேன். நண்பர் ஒருவர் சி.டி.யில் போட்டுக் கொடுத்த பிராசஸ் எக்ஸ்புளோரர் என்ற கருவி என்னிடம் இருந்தது. மார்க் ரஸினோவிச் எழுதியது. அவருடைய சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளை மைக்ரோசாஃப்ட் 2006இல் மொத்தமாக வாங்கியிருந்தது. வட்டில் படுத்திருக்கும்போது ஒரு நிரல் வெறும் கோப்பு. எழுந்து நடமாட ஆரம்பித்தால் அது பிராசஸ். அதற்கு ஒரு எண் உண்டு. அதை எழுப்பிவிட்ட தாய் உண்டு. எந்தப் பயனர் பெயரில் நடமாடுகிறது என்ற பதிவும் நினைவகத்தில் அதற்கென்று ஓர் இடமும் உண்டு. டாஸ்க் மேனேஜர் பெயர்களை வரிசையாகக் காட்டும் என்றால், ரஸினோவிச்சின் கருவி அவற்றைக் குடும்ப மரமாகக் காட்டும்.

அதில் எஸ்விசிஹோஸ்ட் என்று ஐந்து வரிகள் இருந்தன. விண்டோஸின் பின்னணி வேலைகளைச் சுமக்கும் பிராசஸ் அது. ஐந்தும் சர்வீசஸ் என்ற ஒரே தாயின் கீழ் அடக்கமாக நின்றன. ஆறாவது ஒன்று மட்டும் விலகி, நான் லாகின் செய்த பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். எஸ், வி, சி என்று இருக்கவேண்டிய இடத்தில் எஸ், சி, வி. வேகமாகப் படிக்கிற கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பெயரில் ஏமாந்தாலும், அது நின்ற இடத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். இந்த வேலைக்காரனை இந்த வீட்டு ஆள் யாரும் கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலம், பென் டிரைவ் படாத கணக்குக் கணினியின் முன்னால் உட்கார்ந்து, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டேன். பெயர், தாய், எந்தப் பயனர், எதற்கு என்று நான்கு கட்டம். அந்தக் கணினி நலமாக இருக்கும்போது என்னென்ன ஓடுகிறது என்று ஒவ்வொன்றாக எழுதிவைத்தேன். கடைசி வரிகள் இரண்டு நினைவிருக்கின்றன. சிடிஎஃப்மான்: தமிழ் டைப் பண்ண. சார்மேப்: எழுத்து தேட. யூனிகோடு பரவாத காலம். ஒவ்வொரு ஃபான்ட்டிலும் ‘ஸ்ரீ’ ஒவ்வொரு இடத்தில் ஒளிந்திருக்கும். கேரக்டர் மேப்பைத் திறந்து கட்டம் கட்டமாகத் தேடித்தான் பத்திரிகையின் தலையில் அதை வைப்போம். இரண்டுக்கும் எதிரே நல்லது என்று எழுதி டிக் போட்டேன். இந்த நோட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆன்டிவைரஸ் ஏன் சுத்தம் என்று சொன்னது? அதற்குத் தெரிந்த முகங்களில் இந்த முகம் இல்லை. பேருந்து நிலையங்களில் பிக்பாக்கெட் திருடர்களின் படங்களை ஒட்டிய போலீஸ் பலகையைப் பார்த்திருப்பீர்கள். பழைய ஆன்டிவைரஸ் அந்தப் பலகைதான். பிடிபட்ட வைரஸ் ஒவ்வொன்றின் உடலிலிருந்தும் ஓர் அடையாளத் துண்டை எடுத்து வைத்துக்கொள்ளும். வருகிற கோப்பில் அந்தத் துண்டு இருக்கிறதா என்று ஒப்பிடும். 1986இல் லாகூரில் பாசித், அம்ஜத் என்ற ஃபாரூக் ஆல்வி சகோதரர்கள் எழுதிய பிரெய்ன் வைரஸ் ஃபிளாப்பி வழியாக உலகம் சுற்றியபோது இந்த முறையே போதுமானதாக இருந்தது. சென்னையில் கேசவர்தனன் 1991இல் தொடங்கிய கே7 உட்பட, அந்தக் காலத்தில் எழுந்த நிறுவனங்கள் பலவும் இந்த அடித்தளத்தில்தான் நின்றன. புதிதாக ஒருவன் திருட வந்தால் அவன் படம் பலகையில் இருக்காது. யாரோ ஒருவர் முதலில் பறிகொடுத்த பிறகுதான் படம் ஏறும். அந்த முதல் ஆள் பல நேரம் எங்களைப் போன்ற சின்னக் கடைக்காரர்.

பேருந்து நிலையப் பெட்டிக்கடைக்காரருக்கு அந்தப் பலகை தேவைப்படாது. மூன்று மணி நேரமாக எந்த பஸ்ஸிலும் ஏறாமல், பஸ் வரும்போதெல்லாம் படிக்கட்டுக் கூட்டத்தில் மட்டும் போய் நெருக்குகிறவனை அவருக்குத் தெரியும். அவன் முகத்தை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

வைரஸைக் கண்டுபிடிப்பதன் எல்லையைக் கணினி அறிஞர் ஃபிரெட் கோஹன் 1984இல் கணிதமாகவே காட்டிவிட்டார். எந்த நிரலைக் கொடுத்தாலும் இது வைரஸா இல்லையா என்று தவறாமல் சொல்லும் ஒரு கருவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தக் கருவியையே தனக்குள் வைத்துக்கொண்டு, ‘நான் வைரஸா?’ என்று அதனிடம் கேட்கும் ஒரு நிரலை எழுதலாம். கருவி ஆமாம் என்றால் நிரல் சும்மா இருந்துவிடும். இல்லை என்றால் பரவத் தொடங்கும். கருவி எந்தப் பதிலைச் சொன்னாலும் பொய்த்துப்போகும். ஆகவே அப்படி ஒரு முழுமையான கருவி இருக்கவே முடியாது. இந்தத் துறையில் இன்றுவரை யாரும் நூறு சதவீதம் என்று வாக்குக் கொடுக்க முடியாததற்குக் காரணம் திறமைக் குறைவு இல்லை, இந்தக் கணக்கு.

அதே காலத்தில் வேறு வழியில் யோசித்தவர்களும் இருந்தார்கள். ஜேம்ஸ் ஆண்டர்சன் 1980இலேயே எழுதிய அறிக்கையில், கணினி எழுதிவைக்கும் பதிவேடுகளைப் படித்தால் அத்துமீறலைக் கண்டுபிடிக்கலாம் என்றார். டோரதி டென்னிங் 1987இல் அதற்கு முறையான வடிவம் கொடுத்தார். ஒவ்வொரு பயனருக்கும் அவருடைய வழக்கத்தை ஒரு சித்திரமாக வரைந்துகொள்வது, அதிலிருந்து விலகினால் எச்சரிப்பது. கலிஃபோர்னியாவின் எஸ்.ஆர்.ஐ. ஆய்வகத்தில் செய்த வேலை அது. அவர் கவனித்தது பெரும்பாலும் மனிதர்களின் வழக்கத்தை. நிரல்களின் வழக்கத்தைப் பார்க்க இன்னும் ஒன்பது ஆண்டுகள் ஆயின.

இடையில் 1988 நவம்பர் 2 வந்தது. கார்னெல் மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ் அவிழ்த்துவிட்ட புழு அன்றிரவு இணையத்தின் யூனிக்ஸ் கணினிகளைச் சாய்த்ததை முன்பே விரிவாக எழுதிவிட்டேன். இங்கே ஒன்றை மட்டும் சேர்க்கவேண்டும். அந்தப் புழு தன் பிராசஸின் பெயரை ‘எஸ்ஹெச்’ என்று மாற்றிக்கொண்டது. யூனிக்ஸில் கட்டளைகளை வாங்கும் சாதாரண ஷெல்லின் பெயர் அது. ஒரே பிராசஸ் நெடுநேரம் ஓடுவது கண்ணில் படக்கூடாது என்று, அவ்வப்போது தன்னைப் பிரதியெடுத்துவிட்டுப் பழையதை முடித்துக்கொண்டது. வேடம் சரியாகவே இருந்தது. காட்டிக்கொடுத்தது பளு. ஒரு கணினியில் ஏற்கெனவே பிரதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இருந்தாலும் ஏழில் ஒரு முறை விடாப்பிடியாகத் தங்கும்படி மோரிஸ் எழுதியிருந்தார். ஒரே கணினியில் எஸ்ஹெச்கள் பெருகின. யாரும் வேலை செய்யாத நள்ளிரவில் கணினி மூச்சு வாங்கியது. அதைப் பார்த்துத்தான் நிர்வாகிகள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

1996இல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபனி ஃபாரஸ்ட் குழு வெளியிட்ட கட்டுரையை இந்த வரலாற்றின் மைல்கல் என்று நான் கருதுகிறேன். ஸ்டீவன் ஹாஃப்மெயர், அனில் சோமயாஜி, தாமஸ் லாங்ஸ்டாஃப் ஆகியோர் உடன் எழுதியவர்கள். யூனிக்ஸ் பிராசஸ்களுக்குத் ‘தான்’ என்ற உணர்வு என்பது அதன் தலைப்பின் பொருள்.

ஃபாரஸ்ட் யோசனையை எடுத்தது நம் உடம்பிலிருந்து. உடலுக்குள் இதுவரை வராத கிருமி வந்தாலும் நோயெதிர்ப்பு அணுக்கள் அதை அடையாளம் காண்கின்றன. எப்படி? நெஞ்சுக்கூட்டில் இருக்கும் தைமஸ் சுரப்பியில் டி அணுக்கள் முதிரும்போது, சொந்த உடலின் புரதத்தோடு சண்டைக்குப் போகிறவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. தப்பி வெளியே வருபவை சொந்த உடலைத் தொடுவதில்லை. வேறு எதையாவது தொட்டால் அது அந்நியம். உலகத்துக் கிருமிகளின் பட்டியல் உடலுக்குத் தேவைப்படுவதில்லை. தன்னைத் தெரிந்தால் போதும். நோயெதிர்ப்பியல் அறிஞர் ஆலன் பெரல்சனோடு சேர்ந்து 1994இலேயே இந்த எண்ணத்தை ஃபாரஸ்ட் கணினிக்குக் கொண்டுவந்திருந்தார்.

அப்படியானால் ஒரு நிரலின் ‘தான்’ எது? அவர்கள் சொன்ன பதில் எளிமையானது. எந்த நிரலும் தனியாக எதையும் செய்துவிட முடியாது. கோப்பைத் திறக்க, படிக்க, எழுத, மூட, வலையில் பேச, வேறொரு நிரலைக் கிளப்ப என எதற்கும் இயங்குதளத்திடம்தான் கேட்கவேண்டும். அந்த ஒவ்வொரு கேள்வியும் ஒரு சிஸ்டம் கால். என்ன கோப்பு, எத்தனை எழுத்து என்பதையெல்லாம் அவர்கள் விட்டுவிட்டார்கள். எந்தக் கேள்விக்குப் பின் எந்தக் கேள்வி என்ற வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். திற, படி, பொருத்து, பொருத்து, திற, மூடு என்று ஓடும் நீண்ட சரத்தின் மேல் சின்ன ஜன்னல் ஒன்றை வைத்து, ஒவ்வொரு கேள்வியாக நகர்த்திக்கொண்டே போவது. பின்னால் வந்த ஆய்வில் ஜன்னலின் அகலம் ஆறு கேள்விகள். ஜன்னலில் தெரிந்த துண்டுகளையெல்லாம் சேமித்தால் அதுதான் அந்த நிரலின் வழக்கம்.

மின்னஞ்சலைக் கொண்டுசேர்க்கும் சென்ட்மெயில் என்ற பெரிய நிரலை எடுத்துச் சோதித்தார்கள். இத்தனை சிக்கலான நிரல் எத்தனை லட்சம் விதமாக நடந்துகொள்ளும் என்று நமக்குத் தோன்றும். அஞ்சல் மேல் அஞ்சலாக அனுப்பிப் பார்த்தபோது புதுத் துண்டுகள் வருவது சீக்கிரமே குறைந்து, சேமிப்பு ஒரு கையடக்கமான அளவில் நின்றுவிட்டது. ஓர் ஓட்டையின் வழியே அதைத் தாக்கியபோதோ, ஒருபோதும் வராத துண்டுகள் திடுமென முளைத்தன. அந்தத் தாக்குதலைப் பற்றி அவர்கள் கருவிக்கு எதையும் சொல்லித் தரவில்லை. மிஷின்மேன் அண்ணனின் காது ஒரு கணினிக்கு வாய்த்தது அங்கேதான்.

அனில் சோமயாஜி இதை இன்னும் ஓர் அடி எடுத்துச் சென்றார். 2000இல் அவரும் ஃபாரஸ்டும் காட்டிய அமைப்பு, வழக்கம் மாறிய பிராசஸைக் கொல்லாது. அதன் கேள்விகளுக்குப் பதில் சொல்வதைத் தாமதப்படுத்தும். ஒன்றிரண்டு துண்டு மாறினால் மிகச் சிறிய தாமதம். மாறிக்கொண்டே போனால் தாமதம் மடங்கு மடங்காகப் பெருகி, கடைசியில் அந்தப் பிராசஸ் நின்ற இடத்தில் நின்றுவிடும். தவறாகச் சந்தேகப்பட்டிருந்தாலும் பெரிய சேதம் இல்லை. கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். சந்தேகத்தின் அளவுக்கேற்ற தண்டனை. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் மனதுக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

திருடனும் படிக்கிறவன்தான். டேவிட் வாக்னர், பாவ்லோ சோட்டோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002இல் முன்கூட்டியே எச்சரித்தார்கள். வழக்கமான கேள்விகளின் வரிசை தெரிந்துவிட்டால், அதே வரிசையில் கேட்டபடியே கெட்ட காரியத்தையும் நடுவில் செருகி முடித்துவிடலாம். அதையும்விடத் துணிச்சலான வழி ஒன்று உண்டு. வேடம் போடுவானேன்? உடலையே எடுத்துக்கொண்டால்?

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில் திருவாவடுதுறை இருக்கிறது. அதை அடுத்த சாத்தனூரில் மூலன் என்ற இடையர் மாடு மேய்க்கும் இடத்தில் இறந்துகிடந்ததையும், மாடுகள் சுற்றி நின்று கதறியதையும், அந்த வழியே வந்த யோகி ஒருவர் மனமிரங்கி மூலனின் உடலுக்குள் புகுந்ததையும் பெரியபுராணம் சொல்கிறது. அவரே திருமூலர். எழுந்த உடலைக் கண்டு மாடுகள் மகிழ்ந்தன, அவருக்கு முன்னே வீட்டுக்குப் போயின. ஆனால் மூலனின் மனைவிக்கு ஏதோ சரியில்லை என்று பட்டுவிட்டது. முகம், உயரம், குரல் எல்லாம் தன் கணவன்தான். கணவன் இப்படி விலகி நிற்பவன் இல்லை. ஊர்ப் பெரியவர்களிடம் போய் முறையிட்டாள். மாடுகள் முகத்தைப் பார்த்தன. அவள் நடத்தையைப் பார்த்தாள்.

யோகி அருளினால் செய்ததைத் தீநிரல்கள் களவுக்காகச் செய்கின்றன. விண்டோஸில் இருக்கும் நல்ல நிரல் ஒன்றைக் கிளப்பவேண்டியது, கண் விழிக்கும் முன்பே அதை உறைநிலையில் நிறுத்தவேண்டியது, நினைவகத்தில் அதன் உடலுக்குள் தன் குறிமுறையை எழுதவேண்டியது, பிறகு எழுப்பிவிடவேண்டியது. வட்டில் உள்ள கோப்பு அசல். பெயர் அசல். டாஸ்க் மேனேஜரில் தெரிவது மைக்ரோசாஃப்டின் நிரல். உள்ளே நடமாடுவது வேறொருவன். ஆங்கிலத்தில் இதற்குக் குடைந்தெடுத்தல் என்ற பொருளில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் நமக்குக் கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது.

உடலை முழுதாக எடுக்காமல், ஒரு நரம்பை மட்டும் அறுத்துவிடுவதும் உண்டு. 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியில், வங்கிகள் ஒன்றுக்கொன்று பணமாற்றச் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பின் கணினியில் நடந்தது அது. 95 கோடியே 10 லட்சம் டாலரை அள்ள முயன்று, 8 கோடியே 10 லட்சம் டாலரை மணிலாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி, பெறுகிற அமைப்பின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்ததால் தப்பியது. அந்தத் தீநிரல் ஓடிக்கொண்டிருந்த எல்லாப் பிராசஸ்களையும் வரிசையாகப் பார்த்து, ஸ்விஃப்டின் தரவுத்தள நூலகத்தை ஏற்றியிருந்தவற்றின் நினைவகத்தில் இரண்டே பைட்டுகளை மாற்றியது. சரிபார்ப்பு தோற்றால் நிறுத்து என்ற கட்டளை அந்த இரண்டு பைட்டுகளில்தான் இருந்தது. அந்த இடத்தில் ‘ஒன்றும் செய்யாதே’ என்று எழுதிவிட்டுப் போனது. உறுதிச் செய்திகள் காகிதத்தில் வெளியே வந்துவிடக்கூடாது என்று பிரின்டரையும் கவனித்துக்கொண்டது. பிரின்டர் ஓடவில்லை என்பதை ஊழியர்கள் பார்த்தார்கள். பழுது என்று நினைத்தார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து, திருமூலரின் ஊருக்குப் பக்கத்திலேயே அந்தக் கதை திரும்பி வந்தது. 1904இல் தொடங்கி, கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் ஸ்விஃப்ட் அமைப்பிலிருந்து 2018 பிப்ரவரியில் மூன்று பணமாற்றங்கள் கிளம்பின. ஐந்து லட்சம் டாலர் நியூயார்க் வழியே துபாய்க்கு. மூன்று லட்சம் யூரோ ஃபிராங்க்ஃபர்ட் வழியே துருக்கிக்கு. பத்து லட்சம் டாலர் நியூயார்க் வழியே சீனாவுக்கு. இங்கும் ஸ்விஃப்டோடு இணைந்த பிரின்டர் 6ஆம் தேதி முடக்கப்பட்டிருந்தது, அதனால் ஒப்புகைச் செய்திகள் வங்கிக்கு வந்துசேரவில்லை என்று நிர்வாக இயக்குநர் காமகோடி பிறகு தெரிவித்தார். மறுநாள் 7ஆம் தேதி காலையில் கணக்குகளை ஒப்புநோக்கியபோது தாங்கள் அனுப்பாத மூன்று வரிகள் தென்பட்டன. உடனே பேசியதால் துபாய்ப் பணம் தடுக்கப்பட்டுத் திரும்பி வந்தது.

ஒவ்வொரு நாளும் காகிதம் துப்புகிற பிரின்டர் ஒரு நாள் துப்பவில்லை. பிரின்டரோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவன் என்பதால் சொல்கிறேன், அது நின்றால் நம் கை தானாகத் தாளை எடுத்து உதறி மறுபடி வைக்கப் போகும், டோனரைக் குலுக்கப் போகும். அதற்குப் பின்னால் ஒருவன் நிற்பான் என்று தோன்றவே தோன்றாது. ஆகவே அந்த ஊழியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கண்ணில் பட்ட விலகலை யாரிடம் சொல்வது, சொன்னால் யார் வந்து பார்ப்பது என்ற ஏற்பாடு இருந்திருக்கவேண்டும். ஃபாரஸ்டின் கணக்குகளுக்கு இணையாக இந்த ஏற்பாட்டையும் நான் வைப்பேன்.

அடுத்தது கூடங்குளம் அணுமின் நிலையம். அந்தக் கதை ஏ.டி.எம்.களில் தொடங்குகிறது. 2018இல் இந்திய வங்கிகளின் ஏ.டி.எம்.களில் செருகப்படும் அட்டைகளின் விவரத்தைத் திருடும் தீநிரல் ஒன்று அகப்பட்டது. காஸ்பர்ஸ்கி என்ற ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதன் வழித்தடத்தைப் பிடித்துக்கொண்டு போனபோது, அதன் பெரிய உறவுக்காரனைக் கண்டார்கள். டிட்ராக் என்று பெயரிட்டார்கள். 180க்கும் மேற்பட்ட மாதிரிகள் கிடைத்தன. வடகொரியாவோடு தொடர்புபடுத்தப்படும் லாசரஸ் குழுவின் வேலை என்றார்கள். வங்கதேச வங்கிக் கொள்ளையிலும் பேசப்பட்ட பெயர் அதுதான். அவர்களுடைய அறிக்கை 2019 செப்டம்பர் 23 அன்று வெளிவந்தது.

அதற்குச் சில நாள் முன்பே, செப்டம்பர் 4 அன்று, இந்திய அணுமின் கழகத்தின் கணினி ஒன்றில் தீநிரல் இருப்பதை மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் கவனித்துத் தகவல் கொடுத்திருந்தது. பொதுமக்களுக்கு அது தெரியவில்லை. அக்டோபர் 28 அன்று டிட்ராக்கின் மாதிரி ஒன்று வெளி ஆய்வாளர்களின் கண்ணில் பட்டது. அதன் வயிற்றுக்குள் கூடங்குளம் நிலையத்தின் உள்வலைப் பெயரும் லாகின் விவரமும் எழுதப்பட்டிருந்தன. கண்டபடி வீசிய வலை அல்ல என்பதற்கு அதுவே சாட்சி. அக்டோபர் 29 அன்று கூடங்குளம் நிலையம், கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி வலையோடு இணைக்கப்படாதவை, அவற்றின் மேல் அப்படித் தாக்குதல் நடக்க முடியாது என்று அறிக்கை விட்டது. 30ஆம் தேதி அணுமின் கழகம் தீநிரல் கண்டறியப்பட்டது உண்மையே என்று ஒப்புக்கொண்டது. இணையத்தோடு இணைந்த நிர்வாக வலையில் இருந்த பயனர் ஒருவரின் கணினியில்தான் அது இருந்தது, ஆலையின் அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்றது. எட்டு வாரம் காத்திருக்காமல், செப்டம்பரிலேயே இதைச் சொல்லியிருக்கவேண்டும் என்பது என் எண்ணம். கடலோரத்தில் அந்த உலைகளின் நிழலில் வாழும் மக்களுக்கு அந்த உரிமை உண்டு. ஒரே நாளில் மாறிய இரண்டு அறிக்கைகள், உண்மை நிலவரத்தின் மேலேயே சந்தேகத்தை வளர்த்துவிட்டன.

கூடங்குளத்தின் பெயரைச் சுமந்த அந்த டிட்ராக் மாதிரி என்ன செய்தது? கணினியின் வலை முகவரிகளைக் கேட்கும் கட்டளை, ஓடும் பிராசஸ்களின் பட்டியலைக் கேட்கும் கட்டளை, திறந்திருக்கும் இணைப்புகளைக் கேட்கும் கட்டளை என்று ஒவ்வொன்றாக ஓட்டியது. விடைகளைக் கோப்புகளாக எழுதியது. உலாவியின் வரலாற்றை எடுத்தது. எல்லாவற்றையும் மூட்டை கட்டி, உள்வலையில் இருந்த இன்னொரு கணினியின் வட்டில் கொண்டுபோய் வைக்க முனைந்தது. இந்தக் கட்டளைகளில் ஒன்றுகூட விஷம் இல்லை. மூன்றையும் நான் வாரத்துக்கொரு முறை ஓட்டுகிறேன். ஒரு கிளார்க்கின் கணினியில், யாரும் கீபோர்டைத் தொடாதபோது, அடுத்தடுத்த நொடிகளில் மூன்றும் ஓடுவதுதான் விஷம். திருடன் முதலில் வாங்கிக்கொண்ட தகவல்களில் பிராசஸ் பட்டியலும் ஒன்று என்பதைக் கவனியுங்கள். அந்த வீட்டின் வழக்கத்தை அவனும் படிக்கிறான்.

இதுபோன்ற கோர்வையைப் பிடிக்கத்தான் இன்றைய கருவிகள் இருக்கின்றன. கார்ட்னர் ஆய்வாளர் ஆன்டன் சூவாகின் 2013இல் இந்த வகைக்குப் பெயர் வைத்தார், பெருநிறுவனங்களெல்லாம் இன்று அதை ஈ.டி.ஆர். என்கின்றன. சிறு அலுவலகத்துக்குப் பணம் கொடுக்காமல் கிடைப்பது சிஸ்மான். ரஸினோவிச்சும் தாமஸ் கார்னியரும் 2014இல் வெளியிட்டது. எந்தப் பிராசஸ் எப்போது பிறந்தது, யார் தாய், என்ன கட்டளை வரி, எந்த முகவரியோடு பேசியது என்று எழுதிக்கொண்டே இருக்கும். 2021 ஜனவரியில் வந்த பதிப்பிலிருந்து, வட்டில் உள்ள உடலும் நினைவகத்தில் உள்ள உடலும் பொருந்தாவிட்டால் 25 என்ற எண்ணில் ஒரு பதிவு விழும். கூடு பாய்ந்தவனுக்கென்றே வைத்த எண்.

பொய் எச்சரிக்கை இன்னும் தீரவில்லை. முகூர்த்த மாதத்தில் எங்கள் கடைக் கணினிகள் ராத்திரி இரண்டு மணிக்கும் ஓடும். ஆடியில் சாயங்காலமே தூங்கும். ஆடியில் வழக்கத்தைப் படித்த கருவி ஆவணி முழுக்க அலறும். அலறிக்கொண்டே இருப்பதை யாரும் கேட்பதில்லை. காவல்காரனே மயங்கி விழுந்த நாளும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான ஒரு கோப்பு 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. பிராசஸ்கள் ஒன்றோடொன்று பேசும் குழாய்களைக் கண்காணிக்க அனுப்பிய கோப்பு அது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

டிட்ராக் அறிக்கையை நான் படித்தது 2019 அக்டோபர் கடைசியில். அதில் ஒரு பட்டியல் இருந்தது. டிட்ராக் கூடு பாய்வதற்கென்று தேர்ந்துவைத்திருந்த, விண்டோஸின் சொந்த நிரல்கள். சுமார் இருபது பெயர்கள். ஃபான்ட்டைப் பார்க்க உதவும் ஃபான்ட்வியூ அதில் இருந்தது. வேர்ட்பேடைத் திறக்கும் ரைட் இருந்தது. அதிலேயே சிடிஎஃப்மான், அதற்கு அடுத்து சார்மேப். ‘ஸ்ரீ’ தேடுவதற்காக நாள்தோறும் நாங்கள் திறந்து மூடிய அந்தக் கட்டம் போட்ட சின்னப் பெட்டி.

பீரோவைக் கிளறிப் பழைய நோட்டை எடுத்தேன். தாளின் ஓரம் பழுப்பேறியிருந்தது, கோடுகள் மங்கவில்லை. சிடிஎஃப்மான், தமிழ் டைப் பண்ண, நல்லது, ஒரு டிக். சார்மேப், எழுத்து தேட, நல்லது, ஒரு டிக். டிக்குகளை அடிக்கவில்லை. ஸ்கேலை வைத்து வலப்பக்கம் ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டு, அதன் தலைப்பில் ‘யாரோடு பேசுகிறது’ என்று எழுதினேன். சார்மேப்புக்கு நேரே, ‘யாரோடும் இல்லை’.